போட்டியாளர் தேவை

தமிழரசி செய்த முதல் தவறு, நேர்முகத்தில் உண்மையைச் சொன்னது.

"தற்போது என்ன செய்கிறீர்கள்?" என்று மராத்தியில் கேட்டார்கள்.

"இட்லி மாவு விற்கிறேன்" என்று அவளும் மராத்தியில் சொன்னாள்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் சிறுதொழில் வழிகாட்டு மையத்தின் இயக்குநர் ராஜ்வாடே. அவளுடைய விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடத் திறந்த பேனாவை அவர் மூடி வைத்தார்.

"யாருக்கு விற்கிறீர்கள்?"

"ஔந்த்தில் ஃபிளாட்டுகளில் இருப்பவர்களுக்கு சார். சென்னை, கோயமுத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த குடும்பங்கள்."

"அவர்களுக்கு மாவு தேவை என்பதை எந்த ஆய்வின் மூலம் கண்டறிந்தீர்கள்?"

தமிழரசி யோசித்தாள். "வாங்குகிறார்களே சார்."

"ஆக, ஆய்வு செய்யவில்லை."

இடப்பக்கம் இருந்தவர் துக்க வீட்டில் ஆட்டுவதுபோலத் தலையாட்டினார். ராஜ்வாடே நாற்காலியில் சாய்ந்துகொண்டார். குரல் மாறியது, மரியாதைப் பன்மையும் போனது.

"பெண்ணே, சந்தை என்பது ஒரு நோயாளி. முதலில் நாடி பார்க்க வேண்டும். ரத்தம் எடுக்க வேண்டும். எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மருந்து கடைசியில். நீ எடுத்த எடுப்பில் மருந்தை வாயில் ஊற்றிவிட்டாய். இனி அவர்களிடம் போய் மாவு தேவையா என்று கேட்டால், உன் இட்லியைத் தின்ற வாயால் பதில் சொல்வார்கள். அந்தப் பதிலுக்கு என்ன மதிப்பு? ஔந்த்தை நீ கெடுத்துவிட்டாய்."

தமிழரசி தலையைக் குனிந்துகொண்டாள். பூனாவின் ஏரவாடாவில் பிறந்து வளர்ந்த இந்த இருபத்துமூன்று வருடத்தில் அவள் பல பேச்சுக் கேட்டிருக்கிறாள். ஒரு பேட்டையையே கெடுத்தாள் என்று யாரும் சொன்னதில்லை. இவ்வளவு படித்தவர் சொல்கிறார் என்றால் எங்கேயாவது கெடுத்துத்தான் இருப்போம் என்று அவளுக்குத் தோன்றியது. அவளுடைய சுபாவமே அதுதான். கணக்குச் சரியாக வந்தாலும் இன்னொரு தரம் கூட்டிப் பார்ப்பாள். யாராவது முறைத்தால் சரியாக வந்ததே தவறு என்று நினைப்பாள்.

அது 2003ஆம் ஆண்டு. ஊரின் மறுகோடியில் ஔந்த்தில் மாதத்துக்கு ஒரு கட்டடம் முளைத்துக்கொண்டிருந்தது. கட்டடத்துக்கு நாலு வீட்டிலாவது தமிழ் கேட்டது. தமிழரசி விடியலில் வீட்டு கிரைண்டரில் ஆட்டி, மூடி போட்ட இரண்டு டப்பாக்களில் மாவை எடுத்துக்கொண்டு ஏரவாடாவிலிருந்து பஸ் ஏறுவாள். காலி டப்பாக்களோடு திரும்புவாள். ஔந்த்தில் காசிம் சாச்சாவின் இஸ்திரிக் கடைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயோடு ஓர் அறை காலியாக இருந்தது. மராத்திப் புத்தாண்டான பாட்வா பண்டிகை வரைக்கும் வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று சாச்சா வாக்குக் கொடுத்திருந்தார். அந்த அறையில் ஒரு பெரிய கிரைண்டர். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு வங்கியில் கடன் கேட்டாள். வங்கியில், வழிகாட்டு மையத்தின் சான்றிதழ் கொண்டு வா என்றார்கள். அப்படித்தான் இந்த மூன்று பேர் முன்னால் வந்து நின்றாள்.

மையம் பெரிய மனதோடு அவளை மாலை வகுப்பில் சேர்த்துக்கொண்டது. ஒரே ஒரு நிபந்தனை. அன்றிலிருந்து சான்றிதழ் கிடைக்கும் வரை ஒரு கரண்டி மாவுகூட ஆட்டவோ விற்கவோ கூடாது. ஒரு மாதம் சந்தையை ஆறவிட வேண்டும். ஆறியபின், அது தொடப்படாததுபோல் ஆனபின், ஆய்வைத் தொடங்கலாம்.

பக்கத்து வீட்டு மேரி அக்கா இதைக் கேட்டு அடுப்பைச் சிறியதாக்கிவிட்டு வெளியே வந்தாள். மேரியின் புருஷன் ஆர்டனன்ஸ் ஃபேக்டரியில் வேலை. வேலூரிலிருந்து அவர்கள் வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. பேச்சு மட்டும் பாதி வேலூர், பாதி பூனா.

"இன்னாடி சொல்ற? நல்லா ஓடிகினு இருக்கறத நிறுத்திட்டு, ஓடுமான்னு பாக்கச் சொல்றானா? பாகல் ஆய்ட்டானா அந்த ஆளு?"

"இல்லக்கா. அவுங்க சொல்றதுலயும் ஒரு ஞாயம் கீது. நான் ஏதோ குருட்டாம்போக்குல வித்துகினு இருந்தேன்."

"குருட்டாம்போக்குல தெனமும் டப்பா காலியாகுமாடி?"

 தமிழரசி அந்தக் காலி டப்பாக்களையும் தன் குறையாகவே எடுத்துக்கொண்டாள்.

மாலை வகுப்பில் சந்தை ஆய்வு பாடம் எடுத்தவர் ராம்பிரசாத். சென்னைக்காரர், ஏதோ பெரிய கம்பெனியில் மார்க்கெட்டிங் மேனேஜர், வாரத்தில் இரண்டு மாலை இங்கே வந்து பாடம் நடத்தினார். தமிழரசி தமிழ்ப்பெண் என்று தெரிந்ததும் வராந்தாவில் நிறுத்தித் தமிழில் பேசினார்.

"பயப்படாதேம்மா. பன்னெண்டு வருஷமா நான் இந்த ஃபீல்டுல இருக்கேன். இது வரைக்கும் ஒரு கஸ்டமரைக்கூட நேர்ல பாத்ததில்லை. அதான் டிசிப்ளின். பாத்துட்டோம்னா பாசம் வந்துடும், டேட்டா போயிடும்."

அவளுடன் படித்தவர்களில் துரைசாமி என்று ஒருவர் இருந்தார். பூனாவுக்கு வெளியே தேஹு ரோடுக்காரர், அடர்ந்த மீசை. பஞ்சர் கடை வைக்க ஆசைப்பட்டு மையத்தில் சேர்ந்து இது மூன்றாவது வருடம். நெடுஞ்சாலை ஓரமாக நின்று, பஞ்சரான வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களை நிறுத்தி, பஞ்சர் கடை இருந்தால் பயன்படுத்துவீர்களா என்று கேட்க வேண்டும். அதுதான் அவருடைய ஆய்வு. ஒட்டித் தரக் கூடாது. தந்தால் சந்தை கெட்டுவிடும்.

"போன வாரம் ஒரு சர்தார்ஜி அடிச்சிட்டாருங்க" என்றார் துரைசாமி. "அதையும் எழுதிக் குடுத்தேன். அடிச்சத 'கட்டாயம் பயன்படுத்துவேன்'ல சேத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க."

மாதம் முடிந்தது. ஔந்த் ஆறிவிட்டதாக மையம் அறிவித்தது. தமிழரசியிடம் நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட தாள்களைக் கொடுத்தார்கள். மாலையில் வகுப்பு இருப்பதாலும், காலையில் போனால் இல்லத்தரசிகள் பரபரப்பில் பொய் சொல்வார்கள் என்பதாலும், மதியம் ஒரு மணியிலிருந்து நான்கு மணிக்குள் மட்டுமே ஆய்வு செய்ய வேண்டும் என்பது விதி. இந்த விதியை எழுதியவர்கள் பூனாவிலேயே பிறந்து, பூனாவிலேயே உண்டு, மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை பூனாவிலேயே உறங்கியவர்கள். அந்த நேரத்தில் இந்த ஊரில் மருந்துக்கடைக்காரரே ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

முதல் கட்டடத்தின் முதல் கதவில் ஒரு பலகை தொங்கியது: 'ஒன்று முதல் நான்கு வரை மணி அடிக்கக் கூடாது. அடித்தால் திறக்க மாட்டோம். திறந்தால் அடித்தவர் வருந்த நேரிடும்.' தமிழரசி அடித்தாள். வருந்தினாள். அடுத்த கதவுக்குப் போனாள். காவலாளி இரண்டு முறை மேலே வந்து விரட்டினான். மூன்றாம் முறை அவனே உட்கார்ந்து நாற்பத்திரண்டு கேள்விக்கும் பதில் சொன்னான். தூங்காமல் இருந்தவன் அந்தக் கட்டடத்தில் அவன் ஒருவன்தான்.

இரண்டாவது கட்டடத்தில் மூன்றாம் மாடிக் கதவைத் திறந்தவள் சுப்ரஜா. கோயமுத்தூர்ப் பெண், தமிழரசியிடம் ஆரம்பத்திலிருந்தே மாவு வாங்கியவள்.

"அட, தமிழு! எங்க போய்த் தொலைஞ்சே? ஒரு மாசமா மனுசி மாவுக்கு நாயா அலையறேன். மிக்சில அரைச்சு அரைச்சு அதும் புகைஞ்சு போச்சு. டப்பா எங்க?"

"டப்பா இல்லீங்கக்கா. ஒரு ஆய்வுக்கு வந்திருக்கேன்."

"என்னத்துக்கு?"

தமிழரசி பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுபோல முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் வாசித்தாள். "'ஆட்டிய இட்லி மாவு போன்றதொரு பொருள் உங்கள் வீட்டு வாசலில் கிடைப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதை வாங்குவீர்களா? கட்டாயம் வாங்குவேன், அநேகமாக வாங்குவேன், தெரியாது, அநேகமாக வாங்க மாட்டேன், கட்டாயம் வாங்க மாட்டேன்.'"

சுப்ரஜா அவளையே பார்த்தாள். "ஏன் கண்ணு, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏதாவது ஒண்ணு சொல்லணுங்க்கா."

"போன மாசம் வரைக்கும் வாங்கிட்டுத்தான இருந்தேன்! எதுக்குக் கற்பனை பண்றது?"

"முன்ன வாங்கினதெல்லாம் கணக்குல வராதுங்க்கா."

சுப்ரஜா கதவில் சாய்ந்து சிரித்தாள். பிறகு கோபம் வந்தது. அதன்பின் பாவமாகப் போய், உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். 'வாங்கும் முடிவை எடுப்பவர் யார்?' நான். 'இதில் கணவரின் பங்கு என்ன?' திங்கறது. 'பொருள் கிடைக்காமல் போனால் உங்கள் மனநிலை எப்படி இருக்கும்?' இந்தாளு தினமும் பிரெட்டு திங்கட்டும்.

தமிழரசி ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள்.

அறிக்கையை வாங்கிப் படித்த ராம்பிரசாத்தின் முகம் பக்கத்துக்குப் பக்கம் வாடியது. ஓர் இடத்தில் நின்றார். "ஃபிளாட் 302... இது எங்க வீடாச்சே!" இன்னும் இரண்டு வரி படித்தார். காதுமடல் சிவந்தது. "இந்த ரெஸ்பாண்டென்ட் ரொம்ப எமோஷனலா இருக்கா. இவளை எடுத்துடு. ஸ்டாடிஸ்டிக்ஸ்ல இதை விதிவிலக்குன்னு சொல்லுவோம்."

"சரி சார். மத்தவங்க?"

"மத்தவங்கதான் பிரச்சினையே. எல்லாரும் வாங்குவேன்னு சொல்லியிருக்காளே. நூத்துக்கு நூறு யெஸ் வந்தா அது சர்வே இல்லம்மா, சர்வாதிகாரி நடத்தற தேர்தல். ஆரோக்கியமான சந்தைன்னா அஞ்சுல ஒருத்தராவது வேண்டாம்னு சொல்லணும். போய் வேண்டாம்னு சொல்றவாளைக் கண்டுபிடி."

"அவுங்களுக்கு நான் விக்கப் போறதில்லயே சார்?"

"அதனாலதான் அவா கருத்து சுத்தமா இருக்கும்."

இட்லி வேண்டாதவர்களைத் தேடி தமிழரசி மூன்று வாரம் அலைந்தாள். கடைசியில் ஓய்வுபெற்ற மராத்தி எஞ்சினியர் ஒருவர் அகப்பட்டார். மதியம் தூங்காத நோய் உள்ளவர். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, இட்லி என்பது காய்ச்சல்காரனுக்கும் கைக்குழந்தைக்கும் கண்டுபிடிக்கப்பட்ட வஸ்து, அவல் போஹாவைப் போல அதற்கென்று ஒரு கருத்து கிடையாது, தொட்டுக்கொள்வதன் கருத்தையே தன் கருத்தாகச் சொல்லித் திரிவது என்று நான்கு மணி வரை பேசினார். மையத்தில் அவருடைய பதிலைப் படித்து மகிழ்ந்துபோனார்கள். இவ்வளவு தெளிவான வாடிக்கையாளரை இந்த ஆண்டு பார்க்கவில்லை என்றார் ராஜ்வாடே. அறிக்கையில் அவருக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கப்பட்டது.

அடுத்தது குழு விவாதம். எட்டு இல்லத்தரசிகளை ஒரே அறையில் உட்காரவைத்து அவர்கள் பேசுவதைக் கவனிக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு எந்த இல்லத்தரசி வருவாள்? வகுப்பில் இருந்தவர்களையே இல்லத்தரசிகளாக உட்காரச் சொன்னார்கள். துரைசாமி மீசையைத் தடவிக்கொண்டு, "ஒரு இல்லத்தரசி என்ற முறையில் காலைல எனக்கு நேரமே கிடைக்கறதில்லை" என்று தொடங்கினார். ராஜ்வாடே கண்களை மூடிக் கேட்டார். மாவு தயாரிப்பதற்குத் தடை இருந்ததால் சுவைத்துப் பார்க்க பிஸ்கட் வைத்தார்கள். எட்டு பேரும் பிஸ்கட்டுக்கு மதிப்பெண் போட்டார்கள். 'ஈரமான பொருளைவிட உலர்ந்த பொருளையே நுகர்வோர் விரும்புகின்றனர்' என்று அறிக்கையில் சேர்க்கும்படி தமிழரசிக்கு உத்தரவு வந்தது.

அன்று இரவு அவள் அந்த வரியை எழுதினாள். எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது. தன் கைதான் அழுத்திவிட்டது என்று வேறு தாள் எடுத்தாள்.

ஜனவரி போய்விட்டது. பாட்வாவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். அறிக்கை ஆய்வுக்குழுவின் முன்னால் போனது. குழு என்பது அதே மூன்று பேர்தான், இம்முறை கோட்டுப் போட்டிருந்தார்கள். ராஜ்வாடே பக்கங்களைத் தள்ளிக்கொண்டே வந்து ஒரு வெற்றுப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"போட்டியாளர் பகுதி காலியாக இருக்கிறதே?"

"ஔந்த்தில் யாரும் மாவு விற்கவில்லை சார்."

"யாருமே இல்லையா?"

"நான் விற்றுக்கொண்டிருந்தேன். நீங்கள் நிறுத்தச் சொன்னீர்கள்."

ராஜ்வாடே மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "யோசித்துப் பார். இத்தனை பெரிய ஊரில் ஒருவர்கூட ஒரு தொழிலைச் செய்யவில்லை என்றால் என்ன பொருள்? அதில் லாபம் இல்லை என்று பொருள். போட்டியாளர் இல்லாத இடம் சந்தை அல்ல, காடு. காட்டில் கடை வைப்பதற்கு நாங்கள் எப்படிச் சான்றிதழ் தர முடியும்? ஒரு போட்டியாளரையாவது கண்டுபிடித்துக்கொண்டு வா. அவருடைய உற்பத்தி, விலை, வாடிக்கையாளர், பலம், பலவீனம், எல்லாம் வேண்டும். பதினைந்து நாள் தருகிறேன்."

தமிழரசி ஔந்த்தின் ஒவ்வொரு தெருவிலும் தேடினாள். உடுப்பி ஓட்டலில் கேட்டாள். இட்லி தருவோம், மாவு தரமாட்டோம் என்றார்கள். தன்னை ஒருவர் தோற்கடிக்க மாட்டாரா என்று ஒருத்தி தெருத் தெருவாக ஏங்கி அலைந்தது அநேகமாக அதுதான் முதல் தடவை. பதினைந்து நாளில் பத்து நாள் போனது. பதினோராம் நாள் மேரி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அக்கா, நீ மாவு விக்கணும்."

"இன்னாது?"

"எனக்குப் போட்டியா. ஔந்த்ல. கொஞ்ச நாளைக்குத்தான். போட்டி இல்லன்னா மார்க்கெட்டே இல்லன்றாங்கக்கா."

"ஏன்டி, உன் பொழப்புல மண்ணு போட என்னியே கூப்புடுறியே, உனுக்கு அறிவு கீதா?"

"காயிதத்துக்குத்தான்க்கா. பேரு ஓணும். எத்தன கிலோ, எத்தன வீடு, எல்லாம் எழுதணும். பொய்யா எழுதினா கண்டுபுடிச்சிடுவாங்க."

பொய்யாக எழுதியிருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். இந்த ஊரில் அந்த மையத்தை இவ்வளவு மதித்தவள் அவள் ஒருத்திதான். சும்மா கிடந்த தன் கிரைண்டரை மேரி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். உளுந்து எவ்வளவு, பூனாவின் குளிரில் மாவு பொங்க எங்கே வைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். சுப்ரஜாவில் தொடங்கி வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்துவைத்தாள். ஜனங்கள் மேரியைக் கட்டிப்பிடிக்காத குறை.

மேரி யாரிடமும் எதையும் கேட்கவில்லை. முதல் வாரமே டப்பா பத்தாமல் நாலு டப்பா ஆக்கினாள். மூன்றாம் வாரம் சட்னியும் போட்டுக் கொடுத்தாள். தமிழரசி மையத்தில் கெடுவை நீட்டி வாங்கிக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்து, போட்டியாளரின் பலம், பலவீனம் என்று இரண்டு பத்தி எழுதினாள். பலம் பத்தி பக்கத்தைத் தாண்டிப் போனது. பலவீனத்தில், 'இவருக்கு முறையான பயிற்சி இல்லை' என்று எழுதினாள்.

பாட்வா வந்தது. அன்றைக்கும் சான்றிதழ் வரவில்லை. குழுவில் ஒருவர் விடுமுறையில் இருந்தார். அடுத்த வாரம் ஔந்த்துக்குப் போனபோது இஸ்திரிக் கடைக்குப் பின்னால் கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது. காசிம் சாச்சா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"பண்டிகைக்கு அப்புறமும் நாலு நாள் பார்த்தேன் மகளே" என்றார் இந்தியில். "அந்தம்மா வந்து கேட்டாங்க. உன்கூடத்தானே வந்தாங்க, உன் ஆள்னு நினைச்சுக் குடுத்துட்டேன்."

மேரி உள்ளேயிருந்து மாவுக் கையோடு வந்தாள். தமிழரசியைப் பார்த்ததும் முகம் ஒரு நொடி சுருங்கி, பிறகு நிமிர்ந்தது. கழுத்தில் சங்கிலி இல்லை. தவணைக்கு எடுத்த புது கிரைண்டருக்கு முன்பணமாக அது போயிருக்க வேண்டும்.

"மொறைக்காத. நீதான சொன்ன, போட்டி நெசமா இருக்கணும்னு? என் புருஷனுக்கு வர்ற மாசம் ரிட்டையரு. எனுக்கும் பொழப்பு ஓணுமில்ல?"

 மேரி சொன்னதில் ஒரு தவறும் இல்லை.  திட்டுவதற்கு ஆள் இங்கே இல்லை. மையத்தின் இரண்டாவது மாடியில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் தடவையாக தமிழரசி தன் கணக்கைத் திரும்பக் கூட்டிப் பார்க்கவில்லை.

பட்டமளிப்பு விழா அந்த மாதக் கடைசியில் நடந்தது. அதற்கு முன்பே ராம்பிரசாத் செய்தி சொன்னார். "கங்கிராட்ஸ்ம்மா. உன் ரிப்போர்ட்டுக்குத்தான் தங்கப் பதக்கம். முடிவு என்ன தெரியுமோ? 'இச்சந்தையில் பலம் வாய்ந்த போட்டியாளர் ஒருவர் இருப்பதால் இத்தொழிலைத் தொடங்குவது உசிதமல்ல.' பியூட்டிஃபுல்! பேங்க்குக்கும் ஒரு காப்பி அனுப்பியாச்சு, இனிமே உனக்குக் கடன் குடுக்கற தப்பை அவா பண்ண மாட்டா." போகிறபோக்கில், "எங்காத்துல இப்போ மேரின்னு ஒரு லேடி மாவு குடுக்கறா. ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார்.

விழாவுக்குச் சிறப்பு விருந்தினர், வெற்றிகரமான தொழில்முனைவோர் திருமதி மேரி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குக் கட்டும் பட்டுப் புடவையில் மேடையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பழைய மாணவர்களையும் அழைத்திருந்தார்கள்; மண்டபம் நிறைந்திருந்தது. ராஜ்வாடே ஒலிவாங்கியை அவளிடம் நீட்டினார்.

"தொழில் தொடங்குமுன் என்ன ஆய்வு செய்தீர்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லுங்கள்."

"ஆய்வா?" மேரி தனக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னாள். "ஒண்ணும் பண்ணலை சாஹேப். இந்தப் பொண்ணு கூட்டிட்டுப் போச்சு. ஜனங்க கேட்டாங்க. அரைச்சேன்."

"கவனித்தீர்களா?" ராஜ்வாடே மண்டபத்தின் பக்கம் திரும்பினார். "பிறர் செய்த ஆய்வைப் பயன்படுத்தியிருக்கிறார். இதற்கு இரண்டாம் நிலைத் தரவு என்று பெயர்." மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

அதன்பின் அவர் தன் உரையைத் தொடங்கினார். "நண்பர்களே, இந்த மையம் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. வெளியே போய்ப் பாருங்கள். ஆய்வில்லாமல் கடை திறக்கிறார்கள், ஆறு மாதத்தில் மூடுகிறார்கள், கடனில் மூழ்குகிறார்கள். எங்களிடம் பயின்றவர்களில் ஒருவர், ஒரே ஒருவராவது, தொழிலில் நஷ்டம் அடைந்தார் என்று யாராவது சொல்ல முடியுமா? இந்தியாவில் வேறெந்த நிறுவனத்துக்கும் இந்தச் சாதனை கிடையாது. தொழிலில் ஆபத்து என்று ஒன்று இருக்கிறது. அதை நாங்கள் முற்றிலும் ஒழித்துவிட்டோம். இதோ, இந்தப் பெண். எங்களிடம் வந்தபோது தினமும் தொழில் செய்துகொண்டிருந்தாள். எவ்வளவு பெரிய அபாயம்! இன்று பத்திரமாக இருக்கிறாள்."

கைதட்டல் அடங்க நேரமானது. தமிழரசியை மேடைக்கு அழைத்துப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்கள். அனுபவத்தை இரண்டு வார்த்தையில் சொல்லச் சொன்னார்கள்.

அவள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  

"அனுபவம் ஒன்றும் இல்லை சார். ஒரு கேள்வி இருக்கிறது. மண்டபத்தில் எல்லா வருட மாணவர்களும் இருக்கிறார்கள். இதில் இப்போது தொழில் நடத்துகிறவர்கள் கையைத் தூக்குங்கள்."

நாற்காலிகள் கிரீச்சிட்டன. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துரைசாமி கையைப் பாதி தூக்கி, மீசையைச் சொறிந்துவிட்டுக் கீழே இறக்கினார். மேடையில் மேரி மட்டும், தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று, கையை நேராகத் தூக்கி வைத்திருந்தாள்.

ராஜ்வாடே சிரித்தபடி ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். "நல்ல கேள்வி. கிடைத்த பதில், ஒரு கை. அதுவும் நம் மாணவர் அல்ல. மாதிரியின் அளவு வெறும் ஒன்று. இதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்பதை இந்த மாணவி மிக அழகாக நிரூபித்துவிட்டாள்."

மறுபடியும் கைதட்டினார்கள். தமிழரசி பதக்கத்தைக் கழற்றி மேசையில், அவருடைய தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நாளைக்கு ரெண்டா இருக்கும் சார்" என்றாள். ஒலிவாங்கி அவர் கையில் இருந்தது. ஆனாலும் கடைசி வரிசை வரை கேட்டது.

மேரி படியில் ஓடி வந்து அவளைப் பிடித்தாள். "ஏய், நில்லுடி. ஔந்த்த நான் வுட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"நான் கேட்டேனா? என் கிரைண்டரத் திருப்பிக் குடு. அது என்னுது."

"இன்னிக்கே எடுத்துகினு போ. எங்கடி போவ?"

"லோஹேகாவ்."

"அங்க யாரு வாங்குவாங்க?"

"தெரியாது" என்றாள் தமிழரசி. இத்தனை மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த சொற்களில் இதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

மையத்தின் ஆண்டறிக்கையில் இது பற்றி ஒரு வரி உண்டு: 'மாணவி ஒருவர் தமது ஆய்வின் முடிவுக்கு மாறாக நடந்துகொண்டார், பதக்கம் அடுத்த அணிக்காக இருப்பில் வைக்கப்பட்டுள்ளது.'

லோஹேகாவில் விமானப்படைக் குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் தெரு ஒன்றில், ஒரு வீட்டு வாசலில் கோலம் போட்டிருந்தது. தமிழரசி டப்பாவை இறக்கி வைத்துவிட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தவள் மதுரைக்காரி, இடுப்பில் ஒரு பிள்ளை, தோளில் துவட்டும் துண்டு. டப்பாவின் மூடியைத் தானே திறந்து பார்த்தாள். விரலால் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். உள்ளே போய்ப் பெரிய பாத்திரமாக எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஊத்து, ஊத்து. நெறையவே ஊத்து" என்றாள். "ஏம்மா, இந்தத் தெருவுல நாங்க ஆறு குடும்பம் மாவுக்குச் செத்துக்கிட்டிருக்கோம். இம்புட்டு நாளா எங்க போயிருந்த?"

"படிச்சிகினு இருந்தேன்க்கா" என்றாள் தமிழரசி. சொல்லும்போதே வீணாய்ப் போன மாதங்களின் கோபம் வந்து, அளவுக்கு மேல் ஒரு கரண்டி விழுந்தது. அவள் அதைத் திரும்ப எடுக்கவில்லை.